மூன்றாம் நம்பர் கிண்ணம்

திண்டுக்கல்
2-12-1961

பூரணலதா அப்ளையன்ஸஸ், சென்னை-1.

மதிப்பிற்குரிய டாக்டர் லலிதாம்பாள் அம்மா அவர்களுக்கு,

தாங்கள் பெண்களின் கேள்விகளுக்கு இலவசமாகப் பதில் எழுதுவதாக விலைப்பட்டியலில் போட்டிருப்பதால் துணிந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஆண்கள் யாரும் பிரிக்கவில்லை என்றே நம்புகிறேன். பிரித்திருந்தால் தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

எனக்கு வயது இருபத்து மூன்று. ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. உடம்பு மெலிவு. போன வருஷம் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை, என்னை அறைக்குள் கூட்டிப்போய் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளைதான். ஆனா நாளைக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்க இவகிட்ட என்ன இருக்கு?" என்று என் அம்மாவிடமே கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. இப்போது வத்தலக்குண்டிலிருந்து வேறு இடம் கூடி வந்திருக்கிறது. பிப்ரவரியில் கல்யாணம். அதற்குள் அந்த வார்த்தையை இன்னொரு வாயிலிருந்து கேட்கக் கூடாது என்று பயந்து கிடக்கிறேன்.

பட்டியலில் மார்பு வளர்ச்சிக்கு என்று வட்டம், முட்டை, மணி ஆகிய மூன்று வடிவங்களில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. எனக்கு எது சரி? அளவிலும் குழப்பம். நூல் பிடித்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். மூன்றேகால் அங்குலம் வந்தது. தங்கள் ஒன்றாம் நம்பரின் வாய் மூன்றரை, இரண்டாம் நம்பர் நாலேகால், மூன்றாம் நம்பர் ஐந்து. ஒரு பக்கத்தில் "உடம்போடு பொருந்த வேண்டும்" என்றும், அடுத்த பக்கத்தில் "வளர இடம் வேண்டும்" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும்போது, வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட்டித்தான் தைப்பார்கள். இதற்கும் அந்தக் கணக்குதானா?

பார்சல் மேல் கம்பெனி பெயர் வேண்டாம். தபால்காரர் ஒச்சப்பன் எங்கள் தெருவின் செய்தித்தாள்.

இப்படிக்கு,
அ. ரோஸ்மேரி

*

சென்னை-1
8-12-1961

அன்புள்ள சகோதரி,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூச்சம் வேண்டாம். தங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான சகோதரிகள் எங்கள் சாதனத்தால் பூரிப்படைந்துள்ளனர்.

மெலிந்த தேகத்திற்கு மணி வடிவமே உகந்தது. அளவைப் பற்றித் தாங்கள் நினைத்ததே சரி. வளர்ச்சிக்கு இடம் தரும் மூன்றாம் நம்பரைச் சிபாரிசு செய்கிறோம். கிண்ணத்தின் விளிம்பில் நல்லெண்ணெய் தடவி மார்பில் வைத்து, ரப்பர் உருண்டையை அமுக்கி விட்டால் உள்ளே காற்று நீங்கிக் கிண்ணம் பிடித்துக்கொள்ளும். தினம் காலை, மாலை கால் மணி நேரம் போதும்.

பார்சல் வெறும் காக்கித்தாளில் வரும்.

டாக்டர் லலிதாம்பாள்
பெண்கள் ஆலோசனைப் பிரிவு

*

திண்டுக்கல்
20-1-1962

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

பார்சல் வந்து ஐந்து வாரம் ஆகிறது. சொன்னபடி செய்துவருகிறேன். வீட்டில் தனியாக இருக்க இடம் ஏது? குளிக்கிற அறைதான். "அம்புட்டு நேரம் உள்ள என்னடி பண்ற?" என்று அம்மா கதவைத் தட்டும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருகிறது.

கிண்ணத்தின் விளிம்பு என் மார்பைச் சுற்றி உட்காரவில்லை. ஒரு பக்கம் விலா எலும்பின் மேல் ஏறிக்கொள்கிறது. மறுபக்கம் அக்குள் சதையை உள்ளே இழுக்கிறது. காற்று நழுவுவதால் பலமாக அமுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகு வட்டமாகச் சிவந்திருந்தது, இப்போது கறுத்துவிட்டது. இடது பக்கம் தொட்டால் வலி. நூல் பிடித்துப் பார்த்தேன். அதே மூன்றேகால்தான்.

கறுப்பது சரியா? நிறுத்தலாமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

ரோஸ்மேரி

*

சென்னை-1
26-1-1962

அன்புள்ள சகோதரி,

கறுப்பு என்பது ரத்த ஓட்டம் பெருகியதன் அடையாளம். அஞ்ச வேண்டாம். விடாமல் தொடர்ந்து செய்தால் பலன் நிச்சயம்.

டாக்டர் லலிதாம்பாள்

பின்குறிப்பு: வலி இருந்தால் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். இரண்டு நாள் என்ன, வலி போகும்வரை நிறுத்துங்கள். இந்த வரி கம்பெனியில் சொல்லி எழுதியது அல்ல.

*

திண்டுக்கல்
5-2-1962

டாக்டர் அம்மா,

பின்குறிப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். வலி நிற்கவில்லை. போன வியாழக்கிழமை குளிக்கும்போது, இடது பக்கம் கறுப்புக்கு அடியில் கை தட்டியது. கட்டி. புளியங்கொட்டை அளவு. நேற்றுப் பார்த்தபோது அதைவிடப் பெரிதாகத் தோன்றியது. பயத்தில் விரலுக்கு அப்படித் தோன்றுகிறதா, உண்மையிலேயே வளர்கிறதா, தெரியவில்லை.

அப்பாவின் தங்கை ஒருவர் மார்பில் கட்டி வந்து இறந்தவர். கடைசி நாளில் அவர் கிடந்த கிடையை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று ஞாயிறு. கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். தங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமலிருக்கலாம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் ஓலை வாசிப்பார். "இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்பார். கோயில் முழுவதும் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. மாப்பிள்ளை கிறிஸ்துராஜ் வத்தலக்குண்டில் பஸ் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. அங்கேயும் அதே நேரத்தில் வாசித்திருப்பார்கள். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். விக்கினம் அறிந்த ஒரே ஆள் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

இன்னும் இரண்டு ஓலை. 26-ம் தேதி கல்யாணம். தவக்காலம் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது என்பதால் தேதியைத் தள்ளவும் முடியாது. தெரிந்தே மறைத்துக் கழுத்தை நீட்டினால் சாவான பாவம், நரகத்தில் தள்ளுகிற பாவம். சொன்னால் இந்த இடமும் போகும். அதன் பிறகு அம்மாவை உயிரோடு பார்க்க முடியாது.

தாங்கள் டாக்டர். இது எப்படிப்பட்ட கட்டி? கரையுமா? ஒரே வரி எழுதினாலும் போதும்.

ரோஸ்மேரி

*

786
மண்ணடி, சென்னை
8-2-1962

ரோஸ்மேரிக்கு,

இதைக் கம்பெனித் தாளில் எழுதவில்லை. வீட்டில் அண்ணன் நூர் அகமது தொழுகைக்குப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் லலிதாம்பாள் என்று உலகத்தில் யாரும் இல்லை. அந்தப் பெயரில் பதில் எழுதுவது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறேன், தமிழ்க் கையெழுத்து அழகாக இருக்கும், அவ்வளவுதான் என் தகுதி. என் பெயர் கமர்ஜஹான். கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறேன். மருந்துக் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றாம் நம்பர்தான் பொருந்தியிருக்கும். ஒன்றும் இரண்டும் வந்த பெட்டிகள் ரயிலில் உடைந்துவிட்டன. மூன்று மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தது. மானேஜர் பொன்னுத்துரை, "யாரு என்ன அளவு எழுதினாலும் வளர எடம் வேணும்னு சொல்லி மூணையே தள்ளிவிடும்மா" என்றார். உங்கள் கடிதத்தில் பள்ளிக்கூடச் சட்டைக் கணக்கைப் படித்ததும் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. நீங்களே குழியை வெட்டிக் கொடுத்தீர்கள், நான் பின்னாலிருந்து தள்ளினேன். மணி வடிவம் என்று சொன்னதும் அப்படித்தான். மூன்றாம் நம்பரில் வேறு வடிவமே இல்லை.

பொருந்தின கிண்ணமாக இருந்தாலும் எதுவும் வளர்ந்திருக்காது. வளர்ந்தது என்று ஒருத்தி எழுதி நான் பார்த்ததில்லை. விளம்பரத்தில் வரும் நற்சான்றுக் கடிதங்களை எழுதுவதும் நான்தான்.

கட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத என்னிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரிடம் காட்டுங்கள்.

நானும் திண்டுக்கல்காரிதான். முதல் கடிதத்தில் ஊர்ப் பெயரை இரண்டு தடவை பார்த்தேன். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அப்துல் ஜப்பார் என் அத்தா. அத்தா இறந்துவிட்டார். அம்மா ஜெய்தூன் பீவி அதே வீட்டில் இருக்கிறார். விலாசத்தை அடியில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். போலீஸில் கொடுத்தாலும் நான் எழுதியதுதான் என்று ஒப்புக்கொள்வேன்.

கமர்ஜஹான்

*

இயேசு மரி சூசை
திண்டுக்கல்
11-2-1962

கமர்ஜஹான் என்பவருக்கு,

பெற்ற தாயிடம் சொல்லாத அளவை உங்களுக்கு எழுதினேன். வாய் கூசாமல் "அன்புள்ள சகோதரி" என்று பதில் எழுதினீர்கள். கறுத்திருக்கிறது என்று கதறினேன், ரத்த ஓட்டம் என்றீர்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை தெரியாத கணக்குக்குத் தெரிந்த மாதிரி விடை எழுதினால் கையை நீட்டச் சொல்லி இரண்டு போடுவேன். உங்களை என்ன செய்வது?

இன்று இரண்டாம் ஓலை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒரு மணி நேரமாக இருந்தது. கட்டி அப்படியே இருக்கிறது. லேடி டாக்டரிடம் போகவில்லை. யாரோடு போவது? வீட்டில் சொல்ல முடியாது. தனியாகப் போனால், ஓலை வாசித்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று ஊர் வேறு விதமாகப் பேசும்.

நாளை மறுநாள் பள்ளி விட்டதும் பேகம்பூர் போகிறேன். உங்கள் கடிதத்தை உங்கள் அம்மா கையில் வைக்கப்போகிறேன். மகள் என்ன மருந்து விற்கிறாள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அ. ரோஸ்மேரி

*

786
மண்ணடி
13-2-1962

ரோஸ்மேரிக்கு,

கடிதம் இன்று சாயங்காலம் வந்தது. இந்நேரம் நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் இருப்பீர்கள். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் கடிதம் வந்தாலும் எதிர்க்கடை ரஹ்மத்துல்லாவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார். அவர் வாசித்தால் பேகம்பூர் முழுக்கக் கேட்கும். அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. யா அல்லா, அவரிடம் போகாமல் நீங்களே வாசித்துக் காட்டியிருக்க வேண்டுமே.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் ஆஸ்பத்திரி விஷயம் எழுதுங்கள்.

கமர்ஜஹான்

*

திண்டுக்கல்
14-2-1962

கமர்ஜஹான் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன், அந்த வார்த்தையை அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். கடிதத்தை நீட்டினால் உங்கள் அம்மா, "நீயே வாசி தாயீ, வாசிக்கிற பிள்ளை நிக்கயில கடைக்காரன எதுக்குக் கூப்பிடணும்?" என்றார்கள். திட்டப் போனவள் உட்கார்ந்து வாசித்தேன். கட்டி என்ற இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அழுதுவிட்டேன். அவர்கள் கதவைத் தாழிட்டு, "அவ கெடக்கா. மொதல்ல அத எங்கிட்ட காட்டு" என்றார்கள். பார்த்தார்கள். முகம் மாறிற்று. "இம்புட்டு நாளா இதச் சொமந்துக்கிட்டா திரிஞ்ச?" என்று மட்டும் கேட்டார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. தன்னுடைய இன்னொரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து என்னைத் தலையோடு காலாகப் போர்த்தினார்கள். இரண்டு துப்பட்டியாகக் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரி போனோம். வழியில் எங்கள் தலைமையாசிரியை எதிரே நடந்து வந்தார்; அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போனார். லேடி டாக்டர், "கூட வந்தது யாரு?" என்றதும், "எம் மக, நாந்தான் கூட்டியாந்தேன்" என்றார்கள். டாக்டர் பேர் கேட்டபோது ரோஸ்மேரி என்று சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

டாக்டர் அமுக்கிப் பார்த்தபோது உங்கள் அம்மாவின் கையை நான் எவ்வளவு இறுக்கினேனோ தெரியாது, அவர்கள் கையில் என் நகங்கள் பதிந்துவிட்டன. ஊசி குத்தி உறிஞ்சினார். கறுப்பாக ரத்தம் வந்தது. ரத்தக்கட்டு என்றார். கட்டி முக்கால்வாசி அமுங்கிவிட்டது. முழுவதும் இல்லை. "மூணு வாரம் கழிச்சு வா. மிச்சம் கரைஞ்சிருந்தா சரி. கரையலேன்னா மதுரைக்குப் போய் அறுத்துப் பாக்கணும்" என்றார். கிண்ணத்தைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "இது உனக்கு யார் சொன்ன அளவு?" என்றார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர்கள் உங்களுக்குச் சொல்லச் சொன்னது: "அந்த வேலைய விட்டுட்டு எனக்குக் காயிதம் போடச் சொல்லு. வேலைய விடாம காயிதம் போட்டா நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன்."

கறுப்பு மறைய இரண்டு மாதம் ஆகுமாம். 26-ம் தேதி கல்யாணம் ஆகிறவளுக்கு இதைவிடப் பெரிய விக்கினம் என்ன வேண்டும்? சனிக்கிழமை சேலை எடுக்க மாப்பிள்ளை தன் தாயாரோடு வருகிறார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

ரோஸ்மேரி

*

786
மண்ணடி
16-2-1962

ரோஸ்மேரிக்கு,

அம்மா சொன்னதை மூன்று தடவை படித்தேன். நேற்றே வேலையை விட்டுவிட்டேன். பொன்னுத்துரை, "ஒரு கப்பு அளவுக்காகவா வேலையை விடுற?" என்று சிரித்தார். மூன்றாம் நம்பர் அனுப்பின விலாசங்களை அதற்கு முன்பே தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். நூற்றுப் பதினொரு பேர். நெய்க்காரப்பட்டியில் ஒருத்தி இருக்கிறாள், தொப்பம்பட்டியில் அக்காள் தங்கை இருவர். ஒவ்வொருவருக்கும் கார்டு எழுதுகிறேன். புருஷனோ மாமியாரோ பார்த்தாலும் புரியாதபடி, "அந்தக் கண்ணாடிச் சாமானை நிறுத்துங்கள், லேடி டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும். இதுவரை எத்தனை பேருக்குக் கறுத்திருக்குமோ என்று நினைத்தால் பேனா ஓட மறுக்கிறது.

அண்ணனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லைதான், ஆனால் கேட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சொல்லாதீர்கள், ஆண்கள் வேறு மாதிரி என்று எழுதத்தான் கை வருகிறது. உங்களுக்கு நான் சொன்ன புத்திமதி எல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று இருவருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. துஆ செய்கிறேன்.

கமர்ஜஹான்

*

இயேசு மரி சூசை
திண்டுக்கல்
18-2-1962, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சேலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர் தாயாரும் என் அம்மாவும் சேலையைப் பிரித்துச் சரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது, காபி கொடுக்கிற சாக்கில் முன்னறைக்குப் போய்ச் சொன்னேன். கிண்ணம், கறுப்பு, ஊசி, மிச்சமிருக்கும் கட்டி, மூன்று வாரம், மதுரை. முதலில் பார்க்க வந்த இடத்து அத்தை சொன்ன வார்த்தையை மட்டும் சொல்ல முடியவில்லை, அவரே ஊகித்துக்கொண்டிருப்பார். காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தாயாரைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தம்மா, "ஏன்டா, செத்த நேரம் இருந்துட்டுப் போவமே" என்று சொல்லச் சொல்ல இவர் தெருவில் நடந்துவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். சாமியாருக்கு ஆள் அனுப்பியிருப்பார், மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டார்கள், அந்த இடத்தில் என் பெயர் இல்லாமல் போவதை ஊரே கேட்கும் என்று எண்ணி, விடிகிறவரை அம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

இன்று பூசையில் ஓலையை எடுத்தார்கள். முதலில் மேட்டுப்பட்டிக் கல்யாணம் ஒன்று. அப்புறம் என் அப்பா பெயர் அந்தோணிமுத்து, அப்புறம் என் பெயர். மூன்றாம் முறை என்று வாசித்தார்கள். விக்கினம் அறிந்தவர்கள் என்று கேட்டுச் சாமியார் நிறுத்தினார். ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். திரும்பினால் கடைசி வரிசையில் அவர். தன் கோயிலில் ஓலை கேட்காமல் முதல் பஸ் பிடித்து இங்கே வந்திருக்கிறார். எழுந்து நின்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன் அக்கா. முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அவர் எழவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார்.

பூசை முடிந்து அம்மா, மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றப்போன நேரத்தில் பக்கத்தில் வந்தார். "ரோஸ்மேரி, செத்த நில்லு" என்றார். நின்றேன்.

"நேத்து ஓடிப் போனது உன்னால இல்ல. நாலு வருசத்துக்கு முந்தி எனக்குக் காசம். எட்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். சரியாப் போச்சுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஒங்க வீட்டுல சொல்லக் கூடாதுன்னு அம்மா கையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு. ரெண்டு ஞாயித்துக்கெழம அந்தக் கேள்வியக் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். நீ ஒரு ரத்தக்கட்டுக்கு வந்து சொல்ற. எனக்கு ஒரு வாய் காபி எறங்கல."

நான் ஒருத்திதான் அந்தக் கோயிலில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன். அங்கே வத்தலக்குண்டில் அதே நேரத்தில் இன்னொருவரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இப்ப இருமினீங்களே?" என்றேன். "பத்து நாளா இருக்கு. சளியா, அதுவா, தெரியல. நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கப் பயம்" என்றார்.

நான் சொன்னது இதுதான்: நாளைக்கே மதுரைக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். என்ன வந்தாலும் அந்தப் படத்தை முதலில் எனக்குக் காட்ட வேண்டும், அவர் அம்மாவுக்கு இல்லை. நல்லபடியாக வந்தால் இருபத்தாறாம் தேதி. இல்லாவிட்டால் குணமாகிறவரை, ஈஸ்டரோ அடுத்த ஈஸ்டரோ, நான் இருக்கிறேன். எனக்கு மூன்று வாரம் கழித்து மதுரை என்றால் அவர் கூட வர வேண்டும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்கிற குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒனக்குப் பயமா இல்லையா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

"எனக்கும்" என்றார்.

பெண் பார்த்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாக ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான் அக்கா. காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறோம். என் அம்மாவும் வருகிறார்கள். எதற்கு என்று பஸ் கிளம்பின பிறகுதான் சொல்லப்போகிறேன்.

ரோஸ்மேரி